இடதுகரையில் இரவுக் காவலும் சில அபிப்பிராயங்களும்

முதலில் அந்தத் தடித்த புத்தகம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
மூன்று பாகத்தில் முதலாம் பாகம்.
ஒட்டுசுட்டான் நூலகத்தில் ஒன்பது பேர் வாசித்து
பத்தாவதாய் என் கைக்கு வந்தது.
இளவரசன் நூற்றுநாற்பதாம் பக்கம்வரை
குதிரையால் இறங்கவில்லை.
அந்தக் குதிரை ஒருக்காலும் புல்லுத் தின்னவில்லை.
முத்தையன்கட்டு இடதுகரையில்
இரண்டு ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறவள் நான்,
எனக்கு இதெல்லாம் கண்ணில் குத்தும்.
அவ்வளவு பெரிய சாம்ராச்சியத்தில்
நெல் எங்கே விளைகிறது என்று
எழுதினவருக்குத் தெரியாது.
படை மட்டும் மூன்று நேரமும் சாப்பிடுகிறது.

பரிசு வாங்கின நாவலையும் வாசித்தேன்.
எங்களைப் பற்றியதாம்.
கடைசியில் நாலு பக்கம் அருஞ்சொல் விளக்கம்:
பேந்து என்றால் பிறகு,
கெதியாய் என்றால் விரைவாக,
உவன் என்றால் அவன்.
உவன் எப்படி அவனாவான்?
உவன் இந்தா, உதிலை நிற்கிறவன்.
அந்தக் கதையில் எல்லாரும் எந்நேரமும்
கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.
ஒருவருக்கும் பல்லுக்கொதி இல்லை,
சீட்டுக்காசு கட்டவேண்டியதில்லை,
ஒரு பகிடிகூட இல்லை.
எங்கட சனம் செத்தவீட்டிலும் பகிடி விடும்.

படங்கள் றஜிந்தனின் பொறுப்பு.
அடுத்த வயல்காரன்.
போனில் இறக்கிக்கொண்டு வருவான்.
பரணில் ஒரு வயர்,
ஒரு முனை அவன் காதில், மறுமுனை என் காதில்.
இறகு முளைத்த பாம்பும் ஒரு பெட்டையும்.
அவள் கையை நீட்ட
அது நெற்றியைக் கொண்டுவந்து வைக்கும்.
உடனே புல்லாங்குழல்.
"எப்பிடி அக்கா?" என்றான்.
"போன மார்கழி சந்திரலீலாவின் மனுசனும்
அப்பிடித்தான் கையை நீட்டினவர், டோர்ச்சோட."
அவன் கொஞ்சநேரம் கதைக்கவில்லை.
படம் தன்பாட்டில் ஓடியது.

பாம்பு சாகிற இடத்தில் நான் அழுதேன்.
படம் கூடாது. அழுதது உண்மை.
இரண்டையும் ஒரே தாளில்தான் எழுதவேணும்.

ஆனால் என் பெரிய குறை வேறு.
இந்தக் கதைகளில் மிருகம் வருமுன்
நிலம் அதிரும், பறவைகள் கிளம்பும்,
கிணற்றுத் தண்ணி வட்டம் வட்டமாய் நடுங்கும்.
யானை அப்பிடி வராது.
நாலு தொன் உடம்பு, ஒரு சருகு முறியாது.
இருட்டில் ஒரு துண்டு கூடுதலாய் இருட்டாகும்.
பிறகு கதிர் உருவுகிற சத்தம்,
யாரோ பழஞ்சேலை கிழிக்கிற மாதிரி.

முந்தநாள் இரவு இரண்டரை மணி.
நான் எண்பத்தோராம் பக்கத்தில்.
இது மெல்லிசான புத்தகம், ஒருவரும் எடுக்காதது:
பஸ் டிப்போவில் கணக்கெழுதும் ஒருத்தி
குறைகிற எழுபது ரூபாயைத் தேடுகிறாள்.
அவ்வளவுதான் கதை.
"வெளிச்சத்தை நூருங்கோ."
றஜிந்தனின் வாய் மட்டும் அசைந்தது.
நூர்த்தேன்.
வரம்பில் நின்றது. தனியன்.
யானைவெடி என் மடியில்,
நெருப்புப்பெட்டி அவன் சேட்டுப்பையில்,
எனக்கு வந்த எண்ணத்தைச் சொல்ல வெட்கம்:
அந்த எழுபது ரூபாயை ஆர் எடுத்தது?

முதல் வெடி வெடித்தது.
இரண்டாவது ஈரம்பட்டது, புகைந்துவிட்டுக் கிடந்தது.
அவர் அவசரப்படவில்லை.
கால் ஏக்கரை மிதித்துக்கொண்டு
குளக்கட்டுப் பக்கம் போனார்.
இறங்குகையில் புத்தகம் வாய்க்காலில் விழுந்து
எண்பத்தொன்றிலிருந்து நூற்றைந்துவரை
ஒரே பலகையாய் ஒட்டிப்போச்சு.

தண்டம் நூற்றைம்பது என்றாள்
நூலகத்தில் யசோதினி.
காரணம் என்ற இடத்தில் யானை என்று எழுதினேன்.
"அப்பிடி எழுதேலாது அக்கா,
ஈரம் எண்டு போடுங்கோ."
போட்டேன்.

தடித்த புத்தகத்தின் இரண்டாம் பாகம்
அடுத்த மாதம் வருதாம்.
பேர் கொடுத்துவிட்டு வந்தேன்,
பதினாலாவது ஆள்.